ஓசிப் படமும் ஒற்றனும்

திருவள்ளுவர் ஒற்றர்களுக்கென்று தனியாக ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ‘ஒற்றாடல்’ என்று பெயர், 59-ஆவது அதிகாரம். அந்தக் காலத்து ஒற்றன், பாவம், ரொம்பச் சிரமப்பட்டிருக்கிறான். துறவி வேஷம் போட வேண்டும். மழையிலும் வெயிலிலும் நடக்க வேண்டும். அகப்பட்டுக்கொண்டால் உயிருக்கே உத்தரவாதம் கிடையாது. இன்றைய ஒற்றனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கண்காணாத தேசத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டே, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, வீட்டு அம்மாள் எந்தப் பாங்கியில் கணக்கு வைத்திருக்கிறாள், அதற்கு என்ன ரகசியச் சொல் என்பது வரைக்கும் குறித்துக்கொண்டு போய்விடுகிறான். ‘ஸ்பைவேர்’ என்று சொல்லுகிறார்களே, அந்த வேவு நிரல்தான் இவனுடைய கையாள்.

“நம் வீட்டில் என்ன இருக்கிறது, அவன் வந்து பார்க்க?” என்று கேட்காத சகோதரி இல்லை. மேல மாசி வீதியில் ஒரு மாமி இதையே இன்னும் அழகாகக் கேட்டார்: “ஏம்மா, எங்க கம்ப்யூட்டர்ல பேரனோட பாடமும், சம்பந்தியம்மா அனுப்பிச்ச கோலமுந்தான் இருக்கு. கோலத்தைத் திருடிண்டு போய் அவன் எந்த வாசல்ல போடப் போறான்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதே கம்ப்யூட்டரில்தான் மாமி மின்சாரக் கட்டணம் கட்டுகிறார். மாமாவின் பென்ஷன் வந்துவிட்டதா என்று மாதம் பிறந்தவுடன் பார்க்கிறார். இமெயில் இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. கோலத்துக்காக யாரும் வரவில்லை.

சரி, இவன் எந்த வழியாக உள்ளே வருகிறான்? பூட்டை உடைத்துக்கொண்டு வருவது அபூர்வம். அநேகமாக நாமே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறோம். வெள்ளிக்கிழமை ஒரு படம் வெளியாகிறது. ஐந்து பேர் தியேட்டருக்குப் போய் வந்தால் டிக்கெட், ஆட்டோ, இடைவேளைத் தீனி என்று மாதச் செலவில் பெரிய ஓட்டை விழுந்துவிடும். மின்சாரம் போனதால் முந்தாநாள் சீரியல் விட்டுப்போயிற்று. கடையில் தேடியும் கிடைக்காத ரமணிசந்திரன் நாவல் ஒன்று ‘பி.டி.எஃப்.’ ஆக எங்கோ இருக்கிறதென்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறாள். உடனே கம்ப்யூட்டரில் தேடுகிறோம். ஒரு பக்கம் திறக்கிறது. அதில் ‘டவுன்லோடு’ என்று ஒன்றல்ல, ஐந்து பொத்தான்கள் பச்சையும் சிவப்புமாய் மினுக்குகின்றன. உண்மையான பொத்தான் எது என்று கண்டுபிடிப்பதற்குள், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற கதிதான்.

இந்தப் படங்கள் அங்கே எப்படி வந்து சேருகின்றன என்பது நம் ஊருக்குத் தெரியாத கதை அல்ல. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்துத் தியேட்டர் ஒன்றில் ‘ராயன்’ படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செல்போனில் பிடித்தார் என்று கேரளப் போலீஸார் ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் மதுரைக்காரர் என்று பத்திரிகைகள் எழுதின. 2023-ல் திருத்திய சினிமாச் சட்டப்படி இந்தக் குற்றத்துக்கு மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை; அபராதம் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. இருக்கட்டும், அது எடுக்கிறவன் பாடு. நான் கேட்பது வேறு. இத்தனை ஆபத்தை மேலே போட்டுக்கொண்டு ஒருவன் நமக்கு ஓசியில் படம் காட்டுகிறானே, அவனுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

விளம்பரத்திலிருந்துதான். ஆனால் கௌரவமான சோப்புக் கம்பெனிக்காரனும் ஜவுளிக்கடைக்காரனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். பிறகு யார் வருவார்கள்? சூதாட்டக்காரன் வருவான். அவனுக்குப் பின்னால் ஒற்றனும் வருவான்.

இது என் கற்பனை அல்ல. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் பாதுகாப்பு ஆட்கள் ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்து, 2025 மார்ச்சில் விவரம் வெளியிட்டார்கள். திருட்டுத்தனமாகப் படம் காட்டும் தளங்களில், படம் ஓடும் சட்டத்துக்குள்ளேயே விளம்பரக் கண்ணி வைத்திருந்தார்கள். அதில் விரல் பட்டால் நாலைந்து இடங்களுக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் வேவு நிரல் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படி அகப்பட்டன. வீட்டுக் கம்ப்யூட்டர்களும் உண்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் உண்டு. அதில் வந்த நிரல்களில் ஒன்றுக்கு ‘லும்மா’ என்று பெயர். ஏதோ குழந்தைக்கு வைத்த செல்லப் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா? அந்தச் செல்லம் 2025-ல் மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதத்தில் 3,94,000 கம்ப்யூட்டர்களில் புகுந்திருந்தது. பிறகு கோர்ட் உத்தரவு பெற்று அதன் இணைய முகவரிகளில் சுமார் 2,300-ஐப் பறித்தார்கள். அதோடு ஒழிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

உள்ளே வந்தவன் எதை எடுக்கிறான் என்று தெரிந்துகொண்டால்தான் எதை மறைப்பது என்று தெரியும். முதலில் அவன் கை வைப்பது பிரவுசரில். அதாவது இணையத்தைப் பார்க்கும் ஜன்னலில். “ரகசியச் சொல்லை நான் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா?” என்று அது அன்பாகக் கேட்க, நாமும் “சரி” என்று சொல்லிச் சொல்லி எல்லாச் சாவியையும் அதனிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். அந்தச் சாவிக்கொத்து முதலில் போகும்.

அடுத்தது ‘குக்கி’. இதைச் சொல்லிப் புரியவைக்க மதுரையில் ரொம்பச் சுலபம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்கிறோம். திரும்பி வரும்போது கவுன்ட்டரில் இருப்பவர் நம் ஜாதகத்தைக் கேட்பதில்லை. டோக்கனைப் பார்க்கிறார், போனைக் கொடுக்கிறார். இமெயிலும் அப்படித்தான். ஒரு தடவை ரகசியச் சொல் கொடுத்து உள்ளே போனதும் கம்ப்யூட்டரில் ஒரு டோக்கன் வைத்துவிடும். மறுதடவை டோக்கனைப் பார்த்தே கதவைத் திறக்கும். ஒற்றன் அந்த டோக்கனையே நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவனுக்கு ரகசியச் சொல்லும் வேண்டாம். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் வேண்டாம். இத்தனையும் சில நிமிஷ வேலை. காரியம் முடிந்ததும் தடயம் வைக்காமல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு.

திருமங்கலம் பக்கம் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். சின்ன வயதில் கணவரை இழந்தவர். ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுத்து, ஒரே பையனைப் பாலிடெக்னிக் படிக்கவைக்கிறார். கல்யாண மாதங்களில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஊசி ஓயாது. ஆர்டர் வருவதெல்லாம் இன்ஸ்டாகிராம் பக்கம் மூலமாகத்தான். தைத்த ரவிக்கையைப் படம் பிடித்துப் போடுவார். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் கூடக் கேட்டு எழுதுவார்கள். கம்ப்யூட்டர் அவருடைய அண்ணன் வாங்கிக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் புதுப்படம் தேடினான். “இந்தப் படத்தைப் பார்க்கப் புதிய பிளேயர் வேண்டும்; இறக்கிக்கொள்ளுங்கள்” என்று ஒரு பக்கம் சொல்லிற்று. இறக்கினான், அழுத்தினான். கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் தோன்றி மறைந்தது. படமும் வரவில்லை, வேறொன்றும் நடக்கவில்லை. பையனுக்கு உள்ளுக்குள் திக்கென்றது. வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் பக்கத்தில் அம்மாவின் பெயரால் ஒரு சமாசாரம் வந்தது: பத்தாயிரம் போட்டேன், ஒரே நாளில் லட்சமாயிற்று, நீங்களும் சேருங்கள் என்று. அவர் பதறிப்போய் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ரகசியச் சொல்லை மாற்றினார். மாற்றிய சொல்லும் அன்றைக்கே ஒற்றனுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபடி மாற்றினார், மறுபடி போயிற்று. இதற்குள் இரண்டு பேர் நம்பிப் பணம் கட்டிவிட்டார்கள். அதில் ஒருவர் வேறு யாரும் அல்ல, அந்த அண்ணனின் மனைவி. இருபத்தைந்தாயிரம் ரூபாய். “நீங்க சொன்னீங்கன்னுதான மதினி போட்டேன்? வேற யாரு சொன்னாலும் போட்டிருப்பேனா?” என்று போனில் கேட்டாளாம். அந்தக் கேள்வியை என்னிடம் திருப்பிச் சொல்லும்போது கூட அவருக்குக் குரல் கம்மிற்று.

பையன் எட்டாம் நாள் உண்மையைச் சொன்னான். “முதல்லயே ஏன்டா சொல்லலை?” என்று கேட்டதற்கு, “மாமாவுக்குத் தெரிஞ்சா கம்ப்யூட்டரையே எடுத்துட்டுப் போயிருவாருன்னு பயந்துட்டேம்மா” என்றானாம். பக்கம் சில வாரங்களில் திரும்பிக் கிடைத்தது. மதினியின் பணம் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து நின்றே போயிற்று.

இந்தக் கதையைக் கேட்டு, ‘பொம்பளையும் பொடியனும் கம்ப்யூட்டரைத் தொட்டால் இப்படித்தான்’ என்று மீசையை முறுக்கும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சமாசாரம் வைத்திருக்கிறேன். மதுரைக்குத் தெற்கே கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறதே, அங்கே இல்லாத படிப்பாளியா, காவலா? 2019 செப்டம்பர் 4-ஆம் தேதி, கம்ப்யூட்டர் ஆபத்துக்களைக் கவனிக்கும் ‘செர்ட்-இன்’ என்ற மத்திய சர்க்கார் அமைப்பு, நிலையத்தை நடத்தும் அணுமின் கழகத்துக்குத் தகவல் கொடுத்தது: உங்கள் கம்ப்யூட்டர் ஒன்றில் தீய நிரல் இருக்கிறது என்று. அது ‘டிட்ராக்’ என்னும் வேவு நிரல் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடையாளம் சொன்னார்கள். விசைப்பலகையில் அழுத்தும் எழுத்துக்களையும், போய்ப் பார்த்த தளங்களின் பட்டியலையும் வரிசையாகக் குறித்துக்கொள்ளும் ஜாதி அது. செய்தி வெளியே கசிந்ததும், அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தார் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம், “நிரல் இருந்தது வாஸ்தவம்தான்” என்று அறிக்கை விட்டது. (பயந்துபோய் முதல் நாள் மறைத்தது திருமங்கலத்துப் பையன் மட்டும் அல்ல, பாருங்கள்!)

ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. நமக்கு வேண்டியது அதுதான். நிரல் புகுந்தது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில். உலையை இயக்கும் உள் அமைப்பு அதனோடு சேராமல் தனியாக இருக்கிறது. அங்கே பாதிப்பு இல்லை என்று கழகம் சொல்லிற்று. ஒற்றன் திண்ணை வரைக்கும் வந்தான். பூஜை அறைக்கு அங்கிருந்து வழியே கிடையாது.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். காசு செலவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘செட்டிங்ஸ்’ என்பதற்குள் ‘அக்கவுன்ட்ஸ்’, அதற்குள் ‘அதர் யூசர்ஸ்’ என்று இருக்கும். அங்கே ‘சினிமா’ என்று பெயர் வைத்துப் புதிதாக ஒரு கணக்கு திறவுங்கள். அதை ‘ஸ்டாண்டர்டு யூசர்’ வகையாக வையுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆக்க வேண்டாம். படமோ, பாட்டோ, நாவலோ, பையனின் விளையாட்டோ எல்லாம் அந்தக் கணக்கில். பாங்கி, இமெயில், வியாபாரம் எல்லாம் உங்கள் கணக்கில். அதன் ரகசியச் சொல் உங்கள் ஒருவரிடம். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கின் சாவிக்கொத்தை எடுக்க ஒற்றனுக்குச் சாதாரணமாக அனுமதி கிடையாது. படம் பார்க்கும் நடுவில் “அட்மினிஸ்ட்ரேட்டர் ரகசியச் சொல் கொடு” என்று ஒரு கட்டம் தோன்றினால், அவன் பூஜை அறைக் கதவைத் தட்டுகிறான் என்று அர்த்தம். கொடுக்காமல் மூடிவிடுங்கள். இது இரும்புக் கோட்டை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் திருமங்கலத்தில் இது இருந்திருந்தால் அந்தப் பையன் அன்று இழந்திருப்பது அவனுடைய விளையாட்டுக் கணக்கைத்தான்.

பாங்கி, இமெயில் ரகசியச் சொற்களைப் பிரவுசரிடம் கொடுக்காதீர்கள், கொடுத்ததை அழித்துவிடுங்கள். ஞாபகம் இராதென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் புடவைக்கு அடியில் வையுங்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கண்காணாத தேசத்து ஒற்றனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. வேலை முடிந்ததும் ‘லாக் அவுட்’ செய்வது டோக்கனைக் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுப்பது போல. ‘இன்காக்னிடோ’ என்று கறுப்புத் திரை போட்டுக்கொண்டு பார்த்தால் பயமில்லை என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். நாம் எங்கே போனோம் என்பதை வீட்டாரிடமிருந்து மறைக்கும் திரை அது. தீய நிரலைத் தடுக்காது. விண்டோஸோடு கூடவே வரும் ‘டிஃபெண்டர்’ காவல்காரனைப் படம் ஓடவில்லை என்பதற்காகத் தூங்கவைக்காதீர்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை: 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய கம்ப்யூட்டர்தானே என்று அதில் பாங்கி வேலை பார்க்க வேண்டாம்.

சினிமா என்று வந்த பொருள் சினிமாதானா என்பதை அதன் வாலைப் பார்த்துச் சொல்லலாம். படத்தின் பெயர் எம்.பி.4 என்றோ எம்.கே.வி. என்றோ முடியும். இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது படம் அல்ல, ஓடும் நிரல். செல்போனில் ஏ.பி.கே. என்று முடிந்தாலும் அப்படியே. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, டிராபிக் அபராதம் என்று வந்தாலும் சரி, தொடக் கூடாது. விண்டோஸ் இந்த வாலைப் பெரும்பாலும் முந்தானைக்குள் மறைத்துவிடும். கோப்புகள் இருக்கும் ஜன்னலில் ‘வியூ’ என்பதற்குள் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெளியே தெரியும். இரண்டு மணி நேரப் படம் மூன்றே எம்.பி. எடை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். தியேட்டர் முழுவதையும் தீப்பெட்டிக்குள் அடைக்க முடியுமா?

இப்போது ஒரு புது வித்தை கிளம்பியிருக்கிறது. இதை வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லுங்கள். “நீ மனிதன்தான் என்று நிரூபி” என்று ஒரு கட்டம் வரும். வழக்கமாக வருவதுதானே என்று அழுத்துவோம். உடனே, “விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோலும் வி-யும், பிறகு என்டர்” என்று மூன்று படி சொல்லும். நாம் கட்டத்தை அழுத்திய அந்தக் கணத்திலேயே அவன் ஒரு கட்டளையைக் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் நகல் எடுத்து வைத்திருப்பான். இந்த மூன்று படியும் அதை நம் கையாலேயே ஒட்டி நம் கையாலேயே ஓடவிடும் மந்திரம். லும்மாவைப் பல வீடுகளில் குடியேற்றியது இந்த மந்திரம்தான். எந்த யோக்கியமான தளமும் நாம் மனிதர் என்று பார்க்க விண்டோஸ் பொத்தானை அழுத்தச் சொல்லாது. ‘அறிவிப்புகளுக்கு அனுமதி கொடு’ என்று கேட்பதற்கும் ‘பிளாக்’ என்பதே பதில்; அனுமதித்தால் “உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்” என்று ராத்திரி பகலாய் மூலையில் வந்து பயமுறுத்திக்கொண்டிருக்கும்.

எல்லாம் மீறி, தவறி அழுத்தியே விட்டால்? முதல் காரியம், இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். இரண்டாவது, வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து இமெயிலின் ரகசியச் சொல்லை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். இமெயில்தான் தாய்ச் சாவி. மற்றக் கணக்குகளையெல்லாம் அதை வைத்தே மீட்கலாம். பிறகு பாங்கி, பிறகு வியாபாரப் பக்கம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். மணிக்கணக்கு ஆக ஆகப் பணம் கை மாறி மாறிப் போய்விடும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய, மத்திய சர்க்கார் 2017 பிப்ரவரியில் ஆரம்பித்த ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ தளத்தில் இலவசக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 1991-லிருந்து சென்னையில் இந்த வேலையே செய்துவரும் கே7 கம்பெனியினுடையது. சந்தேகம் தீராவிட்டால் போட்டோக்களை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதே நிம்மதி.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நடக்க வேண்டியது ஒன்று உண்டு. அழுத்தியவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். பையனோ, பெண்ணோ, சில சமயம் அறுபது வயது மாமாவோ, போகக் கூடாத பக்கம் போய் அகப்பட்டிருக்கலாம். “எந்தத் தளத்தைப் பார்த்தாய், ஏன் பார்த்தாய்?” என்ற விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியது வீட்டுக்காரியின் சாமர்த்தியம். அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை மணிக்கு அழுத்தினாய்?” என்பது மட்டும்.

ஓசியில் படிப்பதும் பார்ப்பதும் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. விட்டுப்போன சீரியலைச் சேனல்காரர்களே யூட்யூபிலும் தங்கள் செயலியிலும் போடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். புத்தகப் பிரியர்களுக்கு நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு புதையல் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்னும் இணையதளம் அது. உலகெங்குமுள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் நூல்களைத் தட்டச்சு செய்து அதில் போட்டிருக்கிறார்கள். நாட்டுடைமையான கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் அங்கே உண்டு. சட்டத்துக்கும் விரோதமில்லை, மினுக்கும் பொத்தான்களும் இல்லை. காகிதத்தில் புரட்டினால்தான் திருப்தி என்பவர்களுக்குப் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-லிருந்து திறந்திருக்கிறது. மேல மாசி வீதி மாமி பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வந்துவிட்டார். “உள்ளே ஏசி நன்னாயிருக்கும்மா” என்று முதல் தகவல் தந்திருக்கிறார். புத்தகத்தைப் பற்றி இனிமேல்தான் சொல்லுவார்.